கடையாரிலிருந்து எண்ணிய நான்கு சிலிண்டர்கள்

கடற்பசுக்களை மேலிருந்து எண்ணுவதற்காக வந்த அந்தச் சின்ன விமானம் எடுத்த படங்கள் எல்லாமே கலங்கியிருந்தன. கெமராவை விமானத்தின் வயிற்றில் பூட்டியிருந்தார்கள். எஞ்சினின் உதறல் கெமரா வரை இறங்கியது. கச்சான் காற்று தொடங்கினால் கடலும் கலங்கிவிடும். அதற்கிடையில் படம் தெளியாவிட்டால் விமானத்தைக் கொழும்புக்குத் திருப்பி எடுப்பதாகச் சொன்னார்கள். இங்கேயே சரிசெய்யலாம் என்று எழுதிக்கொடுத்தது நான்தான். விமான எஞ்சின் பார்க்கும் அனுமதிப்பத்திரம் கிடைத்து எனக்கு அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

உதறலுக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். நாலு பேர் கரைவலை இழுக்கும்போது ஒருவன் முந்தி இழுத்து இன்னொருவன் பிந்தினால் கயிறு எப்படித் துள்ளுமோ, அப்படித்தான். மூன்றாம் சிலிண்டருக்கு எரிபொருள் போதவில்லை, இரண்டாவதுக்குக் கூடிப்போனது என்று விமானத்தின் வெப்பமானி காட்டியது. எரிபொருளைத் தூவும் பித்தளை நொசில்களில் இரண்டை மாற்றி, மூன்றாவதுக்குக் கொஞ்சம் அகலமானதும் இரண்டாவதுக்குக் கொஞ்சம் ஒடுங்கியதும் போட வேண்டும். மாற்றுவதற்கு அனுமதிக் கடிதம் வந்தது. இருபத்திரண்டு வரியில் ஒரு பட்டியல் போட்டேன். ஒவ்வொரு வரியையும் செய்து, பக்கத்தில் கோடு கிழித்தேன். நிலத்தில் நிறுத்தி ஓடவிட்டபோது எஞ்சின் பிழை சொல்லவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

விமானம் ஓட்டுகிறவ யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தி. அவ காலையில் கிளம்பினா. நான் செம்மண் ஓடுபாதையின் ஓரத்தில், கொட்டகை நிழலில் கதிரையைப் போட்டு இருந்தேன். இருந்தேன் என்று சொல்ல முடியாது. எழும்புவதும், கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைப்பதும், திரும்ப எடுத்து எண்ணுவதுமாக நின்றேன்.

மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு அண்ணா வந்தான். எங்கள் ஊர் தோட்டவெளியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே படகு எஞ்சின் திருத்துகிறவன்.

"எஞ்சினியர் அம்மா இன்னும் சாப்பிடேல்லையோ? பிளேன் வந்தாத்தான் சோறு இறங்குமோ?"

"பகிடி விடாதை, அண்ணா."

"என்னடி செய்தனி அதுக்கு?"

பட்டியலைக் கொடுத்தேன். பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தவன் கறிக்கை படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாசித்தான். பாதியில் நிறுத்தினான்.

"மூண்டாவது, மூண்டாவது எண்டு எழுதிக்கிடக்கு. எங்கையிருந்து எண்ணினனி? அணியத்திலிருந்தோ, கடையாரிலிருந்தோ?"

எங்கள் வீட்டில் படகில் உள்ள எதையும் கடையாரிலிருந்துதான் எண்ணுவோம். எஞ்சின் பிடிக்கிறவன் படகின் பின்பக்கம் இருக்கிறான். அவனுக்குக் கிட்ட இருப்பது ஒன்று, முன்பக்கம், அணியத்தை நோக்கிப் போகப் போக இரண்டு, மூன்று. நான் பயின்ற எஞ்சின்களும் தற்செயலாக அப்படித்தான், பின்னிருந்து முன்னுக்கு. அதனால் எனக்கு அது ஒரு கேள்வியாகவே வந்ததில்லை. இந்த எஞ்சின் வேறு ஆட்கள் செய்தது. கைநூலை எடுத்து, தெரிந்த விஷயந்தானே என்று நான் திறக்காமல் விட்ட பக்கத்தைத் திறந்தேன். படத்தில் இலக்கம் ஒன்று புரொப்பெல்லருக்குப் பக்கத்தில், முன்னுக்கு இருந்தது. சிலிண்டரில் பொறித்த இலக்கத்தைப் பெயின்ற் மூடியிருந்தது, நானும் சுரண்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவதுக்கென்று நான் போட்ட நொசில் முதலாவதில் இருந்தது. இரண்டாவதுக்கானது நாலாவதில். முன்பு இரண்டு பேர்தான் ஒத்துவராமல் இருந்தார்கள். நான் நாலு பேரையும் குழப்பிவிட்டிருந்தேன். நிலத்தில் எரிபொருள் நிறையப் போவதால் அது தெரியாது. மேலே போய், காற்றோடு சேரும் எரிபொருளைக் குறைத்துக் கலவையை மெலிக்கும்போதுதான் பட்டினி கிடக்கும் சிலிண்டர்கள் சூடேறும். கீழே கடல்.

"அண்ணா, நான் பிழை விட்டிட்டன்."

அவன் சோற்றை மூடினான். நான் விமானத்தோடு பேசும் வோக்கியை எடுத்தேன்.

"அக்கா, கலவையை மெலிக்காதேங்கோ. முழுசா விட்டுக்கொண்டு திரும்பி வாங்கோ."

"இப்பதான் மெலிச்சன். முந்தியைவிட மோசமா உதறுது. என்ன செய்தனீர்?"

"நொசிலை இடம் மாறிப் பூட்டிப்போட்டன்."



"உம்மட லிஸ்ட்டில அது எத்தினையாம் வரி?"

"எந்தப் பக்கமிருந்து எண்ணுறதெண்டு லிஸ்ட்டில இல்லை, அக்கா."

"சரி. கலவையைக் கூட்டிட்டன். வாறன்."

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் குறிக்கிற நான். ஓடுபாதையின் ஒரு நுனிக்கு நடந்தேன், திரும்பினேன். ஒரு தடவை சத்தம் கேட்டது, ஆனால் அது வீதியில் போன லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். விமானம் மரங்களுக்கு மேலே தெரிந்தபோது அண்ணாதான் முதலில் கண்டு, "அந்தா" என்றான்.

அக்கா இறங்கிவந்து என்னை ஏசவில்லை. நாலு வெப்ப அளவுகளை எழுதிய துண்டைத் தந்தா. "நாளைக்கு நீரும் வாரும்" என்றா. "பூட்டினவ பக்கத்தில இருக்கட்டும்."

பதிவேட்டில் முதல் கையெழுத்துக்குக் கீழே, நான் செய்த பிழை இன்னது என்று எழுதினேன். எஞ்சின் ஆறிய பிறகு, பெயின்ற்றைச் சுரண்டி இலக்கங்களை வாசித்து, நொசில்களை மாற்றினேன். அண்ணா ஒவ்வொரு தடவையும் "முன்னிருந்தோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றான். கடைசியில் அது பகிடியாகவும் இல்லை.

மறுநாள் காலை கடலுக்கு மேலே அக்கா கலவையை மெல்ல மெல்ல மெலித்தா. நாலு சிலிண்டர்களின் வெப்ப எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக ஏறி, ஒன்றாக நின்றன. முழங்காலில் வைத்திருந்த பேனை உருளாமல் கிடந்தது.

"எடுக்கட்டோ படம்?"

"கொஞ்சம் பொறுங்கோ, அக்கா."

"இன்னும் என்ன?"

சத்தத்தில் பிழை தேடிக்கொண்டே இருந்தேன். அவ எனக்காகப் பொறுக்காமல் பொத்தானை அமத்தினா.

திரையில் வந்த முதல் படத்தில் கடற்பசு ஒன்றும் இல்லை. ஒரு படகு மட்டும். அதன் குறுக்குப் பலகைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அணியம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொண்டு, எண்ணினேன்.