பதினேழு வண்டியைத் திரும்பக் கூப்பிட்டேன்

வித்த வண்டியைத் திரும்பக் கூப்பிடுற வேலை எப்படின்னு கேட்டா, பொண்ணைக் கட்டிக் குடுத்த மறுமாசமே சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு, "பொண்ணுக்கு ஒரு சின்னக் குறை இருக்குதுங்க, அரை மணி நேரம் அனுப்பி வெச்சா சரி பண்ணித் தரோம்"னு சொல்ற மாதிரி.

காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு நாளெல்லாம் முகம் தெரியாதவங்களுக்கு வணக்கம் சொல்ற ஜென்மங்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. நான் பாண்டியில ஒரு லோடு வண்டி ஷோரூம்ல, சர்வீஸ் பிரிவுல போன் பேசுறவ. பேரு சுமதி. அரியாங்குப்பத்துலேருந்து தினமும் ஸ்கூட்டியில ஆத்துப்பாலம் தாண்டி வரேன். தாண்டும்போது தண்ணியைப் பாத்துட்டே எங்கயோ போயிடுவேன். மனசு மட்டும்தான், ஸ்கூட்டி நேராத்தான் வரும். கனவு காண்றதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல, கோவம் வரதுலயும்தான்.

ஒருநாள் கம்பெனியிலேருந்து மெயில் வந்துச்சு. புதுசா வந்த பிக்கப் வண்டியில ஒரு லாட்டுல, முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோற ரப்பர் ஹோஸ் இருக்கே, அதோட கிளிப் சரியா உக்காரல. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா ஹோஸ் டயர்ல உரசுது. உரசி உரசித் தேஞ்சா ஒருநாள் ஆயில் ஒழுகிடும், பிரேக் பிடிக்காது. நாங்க வித்ததுல அந்த லாட்டு பதினேழு வண்டி. பதினேழையும் கூப்பிட்டு ஹோஸை மாத்தணும். பதினாறு வண்டி வந்து சேந்ததைச் சிரிச்சுட்டே சொல்லிடலாம். பதினேழாவது, பதினெட்டு பேரை ஏத்திக்கிட்டு வெள்ளிக்கிழமை மலை ஏற நாள் குறிச்சிருந்த வண்டி. அதைச் சிரிச்சுட்டே சொல்ல முடியாது.

முதல் போன்

முதல் ஆளுக்குப் போன் போட்டேன். கம்பெனி எழுதிக் குடுத்ததை அப்படியே படிச்சேன். "உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்"னு ஆரம்பிக்கும் அது. அந்த மனுஷன் பொறுமையாக் கேட்டுட்டே இருந்தாரு. வண்டி நம்பரைச் சொன்னேன், சேஸிஸ் நம்பரைச் சொன்னேன், அவரு பேரு, அவரு அப்பா பேரு எல்லாம் சொன்னேன். எல்லாத்துக்கும் "ம்", "ம்". அடடா, முதல் போனே பழுத்த பழமா அமைஞ்சுதேன்னு எனக்கு சந்தோஷம். எப்ப வண்டியைக் கொண்டு வரீங்கன்னு கேட்டேன்.  அப்புறம் ரொம்ப அன்பாச் சொன்னாரு:

"ஓடிபி எப்ப கேப்ப? சீக்கிரம் கேளும்மா, எனக்கு லோடு ஏத்தணும்."

மூணு மணித் தூக்கம்

திங்கக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு வந்து உக்காந்தா, மேல ஃபேன் சுத்துது, ஜன்னல் வழியா உப்புக்காத்து வருது, ஹெட்போன்ல ரிங்டோன் போய்க்கிட்டே இருக்கு. யாரு எடுக்கறா? காத்திருந்து காத்திருந்து கண்ணு சொக்கிடுச்சு. நான் ஒருதடவைகூட நேர்ல பாக்காத பதினேழு வண்டியும் வெள்ளை வெளேர்னு பீச் ரோட்டுல வரிசையா வருது. ஓட்டுறதுக்கு ஆளே இல்ல. ஒண்ணையொண்ணு முந்தாம, அவசரமே இல்லாம வருது. கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருந்துச்சு. அப்படியே தண்ணியைப் பாத்துத் திரும்புதுங்க. "ஐயோ, நிறுத்துங்க, முன்னாடி கடல் இருக்கு"ன்னு கத்திட்டேன்.

கண்ணைத் தொறந்தா, லைன்ல ஆள் வந்து ரொம்ப நேரம் ஆச்சு போல. என் மானம் போச்சு. அந்தாளு கொஞ்சம்கூடப் பதறாமச் சொன்னாரு:

"சரிம்மா, கடல் வந்தா நிறுத்திக்கறேன், ஆனா நான் இப்ப திருக்கோவிலூர்ல இருக்கறேன்."

ஒரே வீட்டுல ஒன்பது வண்டி

லிஸ்ட்டைப் பாத்தா ஒன்பது வண்டிக்கு ஒரே அட்ரஸ். நெல்லித்தோப்புல ஒரு சந்து. அனுப்பின கடுதாசி ஒண்ணுக்கும் பதில் இல்ல. குடுத்திருந்த போன் நம்பரெல்லாம் வாங்கிக் குடுத்த புரோக்கரோடது, அந்தாளு எடுக்கவே மாட்டான். செவ்வாக்கிழமை நானே கிளம்பிப் போனேன். அந்தச் சந்துல ஒரு சைக்கிளை நிறுத்தினா எதிர்ல வரவங்க ஒருக்களிச்சுத்தான் போகணும். இங்க ஒன்பது பிக்கப் எங்க நிக்குதுன்னு வெயில்ல நின்னு யோசிச்சேன்.

வீட்டுக்காரி ரோசலி அக்கா. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு, அப்படிப்பட்டவங்களை எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்வாங்க. பாண்டி நம்பர்னா வண்டிக்கு வரி கம்மின்னு கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆளுங்க எல்லாம் இந்த அக்கா அட்ரஸ்ல வண்டி வாங்கியிருக்காங்க. தம்பியோட கூட்டாளி, கூட்டாளியோட மச்சான்னு போகுது வரிசை. ஒன்பது கடுதாசியும் மாதா படத்துக்குப் பின்னாடி பத்திரமா இருந்துச்சு. அடுத்தவங்க கடுதாசியைப் பிரிக்கறது தப்பாச்சேன்னு அப்படியே வெச்சிருக்காங்க. எனக்கு வந்த கோவம் அவங்க குடுத்த காப்பியில கரைஞ்சு போச்சு. உக்காந்த இடத்துலேருந்தே எட்டு பேருக்குப் போன் போட்டு, "ஷோரூம் மதாம் வந்திருக்காங்க, மரியாதையா வண்டியைக் கொண்டாந்து விடு"ன்னு அதட்டினாங்க.

ஒன்பதாவது ஆள் போனை எடுக்கல. பேரு ஏழுமலை, விழுப்புரம் பக்கத்துல ஒரு கிராமம், தினமும் விடியக்காலையில பாண்டி பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கறவரு. "அவங்க வெள்ளிக்கிழமை குடும்பத்தோட கல்வராயன் மலையில இருக்கற குலசாமி கோயிலுக்குப் போறாங்க, புது வண்டியைச் சாமிக்குக் காட்டணுமாம், பதினெட்டு பேரு"ன்னாங்க அக்கா. நான் காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டேன். லோடு வண்டியில ஆளை ஏத்தக் கூடாதுன்னு சொன்னா நம்ம ஊர்ல யாரு கேக்கறா? அக்காவுக்கு வேற வருத்தம். வாசல் வரைக்கும் வந்து சொன்னாங்க:

"இத்தினி பேரும் என் வீட்டு அட்ரஸ்லதான் ஓட்டறாங்க, ஒருத்தனாவது எனக்கு ஒரு டிரிப்பு மணல் கொண்டாந்து கொட்டினானா?"

பாய் வளைச்சுக் காட்டினது

எங்க ஒர்க்ஷாப் ஃபோர்மேன் காதர் பாய். அதட்டிப் பேச மாட்டாரு. ரப்பர் ஹோஸ், ரப்பர் ஹோஸ்னு நாலு நாளா போன்ல கத்தறேனே தவிர, அது எப்படி இருக்கும்னே நான் பாத்ததில்ல. அன்னிக்குச் சாயங்காலம் ஒரு வண்டியிலேருந்து கழட்டினதை எடுத்துட்டு வந்து என் மேஜை மேல வெச்சாரு. ஒரு முழம்கூட இல்ல. இதை நம்பியா மலை ஏறுறாங்கன்னு இருந்துச்சு. தொட்டுப் பாருங்கன்னாரு. ஒரு இடத்துல பழைய செருப்போட குதிகால் மாதிரி தேஞ்சு கெடந்துச்சு. பாய் அந்த இடத்துல வளைச்சாரு. உள்ள இருக்கற நூல் தெரிஞ்சுது.

மலை ரோட்டுல வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடிச்சுத்தான ஆகணும்? பதினெட்டு பேரு வெயிட்டு வேற. இது மலைக்குத் தாங்குமா பாய்னு கேட்டேன். அவரு வெளக்கு வெளிச்சத்துல அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஏறும்போது தாங்கும் சுமதிம்மா, இறங்கும்போதுதான் தாங்காது."

கத்திரிக்காய்க்கு மட்டும் அனுமதி

புதன்கிழமை விடியும்போதே பெரிய மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். மல்லிப்பூ வாசனையும் மீன் வாசனையும் கலந்து, அந்நேரத்துல அந்த இடமே பாதித் தூக்கத்துல இருக்கற மாதிரிதான் இருக்கும். மூட்டை தூக்கறவங்க "வழி, வழி"ன்னு என்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினாங்க. அந்தக் கூட்டத்துல வண்டியைக் கண்டுபிடிச்சேன். பதினேழாவது. சீட்டுல பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கல. பானெட்ல சந்தனம், குங்குமம், கண்ணாடிக்கு மேல மாலை. என் கனவுல வந்த அதே வெள்ளை. எனக்கு என்னவோ அதைத் தடவிக் குடுக்கணும் போல இருந்துச்சு, தடவிக் குடுத்தேன்.

ஏழுமலை தன்மையான மனுஷன். கத்திரிக்காய் மூட்டையை இறக்கிட்டே எல்லாத்தையும் கேட்டாரு. ஆனா மசியல. குலசாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடி வண்டியில ஒரு ஸ்பேனர்கூடப் படக்கூடாதாம். அவரு சம்சாரம் செல்வி கண்டிப்பாச் சொல்லிட்டாங்களாம். கத்திரிக்காய் ஏத்தலாமா, மார்க்கெட்டுக்கு வரலாமா, ஸ்பேனர் மட்டும்தான் ஆகாதான்னு எகிறினேன். அவருக்குக் கோவமே வரல. பதினெட்டு பேரு உசுருங்கன்னு கெஞ்சினேன். அதுக்கும் சிரிச்சாரு.

"சாமியைப் பாக்கப் போற வண்டிக்கு என்ன மேடம் ஆவும், போய்ட்டு வந்து குடுக்கறேன், அக்கு அக்காப் பிரிச்சுப் பாத்துக்குங்க."

ரெண்டு பொட்டலம்

வியாழக்கிழமை, காதர் பாயோட அந்தக் கிராமத்துக்கே போனேன். பாய் புது ஹோஸ், கிளிப், பிரேக் ஆயில் எல்லாம் கட்டி எடுத்துக்கிட்டாரு. நான் அந்தத் தேஞ்ச ஹோஸை ஹேண்ட்பேக்ல வெச்சிருந்தேன். மத்தியான வெயில்ல ஊரே அசையாமக் கெடந்துச்சு. வீட்டுக்குள்ள மட்டும் மாவிளக்குக்கு மாவு இடிக்கறாங்க, புதுப் பாவாடை மடிக்கறாங்க, குழந்தைங்க இப்பவே வண்டியில ஏறி உக்காந்து இறங்க மாட்டேங்குதுங்க.  செல்வி வெளிய வந்தாங்க. நான் ஹோஸை எடுத்து அவங்க கையில குடுத்தேன். தேஞ்ச இடத்தைக் கட்டைவிரலால தடவித் தடவிப் பாத்தாங்க. வண்டியில இருந்த குழந்தைங்களை ஒருதடவை பாத்தாங்க. அப்புறம், "எங்க வழக்கப்படி சாமியைக் கேட்டுடறேன்"னாங்க.

பூ கட்டிப் பாக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, ஒண்ணுல செவப்புப் பூ. மனசுல ஒண்ணை நெனைச்சுக் கேக்கணும். வெள்ளை வந்தா சரி, செவப்பு வந்தா வேண்டாம். சாமி படத்துக்கு முன்னாடி ரெண்டு பொட்டலத்தையும் போட்டுட்டு, கண்ணை மூடி வேண்டிக்கிட்டு, "வெளியாளு எடுத்தா நல்லது, நீங்களே எடுங்க"ன்னு என்னைப் பாத்தாங்க.  பாய் வாசல்லயே நின்னு வானத்தைப் பாத்தாரு. எடுத்தேன். ஏழுமலை பிரிச்சாரு. செவப்பு.

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தப் பாழாப்போன கை வேற பொட்டலத்தை எடுக்கக் கூடாதா? கோயிலும் வேண்டாம், பூவும் வேண்டாம், நாளைக்கு வண்டிக்குக் குறுக்கப் படுத்துடலாமான்னுகூட மனசுல ஓடுது. ஏழுமலை, "பாத்தீங்களா மேடம், சாமியே பிரிக்க வேண்டாங்குது"ன்னு ஆரம்பிச்சாரு. செல்வி அவரை ஒரு பார்வை பாத்தாங்க, அவரு அப்படியே நிறுத்திட்டாரு.

"நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியுமா, ஹோஸை மாத்தாம இந்த வண்டியில மலைக்குப் போலாமான்னு கேட்டேன், சாமி வேண்டான்னுடுச்சு, பாய், நீங்க ஸ்பேனரை எடுங்க."

வெள்ளிக்கிழமை

பாய் கழட்டின ஹோஸ் ஈரமா இருந்துச்சு. ஆயில் கசிய ஆரம்பிச்சுடுச்சு. அவரு அதை ஏழுமலை உள்ளங்கையில வெச்சாரு. செல்வி நெஜமாவே அந்தக் கேள்வியைத்தான் கேட்டாங்களா, பூவைப் பாத்துட்டுக் கேள்வியை மாத்திக்கிட்டாங்களான்னு வர வழியெல்லாம் யோசிச்சேன். பாய்கிட்ட கேட்டேன், அவரு ரோட்டை மட்டும் பாத்து ஓட்டினாரு.

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் யாருக்குமே போன் போடல. ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, மலையில வளைவு வளைவா ஒரு வெள்ளை வண்டி இறங்கறதைக் கண்ணை மூடிப் பாத்துட்டே இருந்தேன். நாலு மணிக்கு என் செல் அடிச்சுது. ஏழுமலை. பின்னாடி குழந்தைங்க சத்தம்.

"மேடம், கடைசி வளைவுல மாடு ஒண்ணு குறுக்க வந்துச்சு, பிரேக்கை மிதிச்சேன், நின்னுச்சு, அதைச் சொல்லலாம்னுதான் போட்டேன்."

கம்பெனி ஃபாரத்துல 'வாடிக்கையாளரின் ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது'ன்னு கேட்டு போன், கடிதம், நேரில், இதரன்னு நாலு கட்டம் போட்டிருந்தான், ரொம்ப நேரம் யோசிச்சுட்டு 'இதர'வுல ஒரு டிக் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.