எந்த வீடு என்று எழுதச் சொன்ன அண்ணி

புரட்டாசி முடிய நான்கு நாட்கள் இருந்தன. தருமபுரியில் எங்கள் பள்ளியின் காலைப் பிரார்த்தனை முடிந்து, வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளில் நான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த எங்கள் ஊர் ஆள் ஒருவர் அறைக்கு வெளியே நின்றார்; அழைத்தும் உள்ளே வரவில்லை.

"பெரியம்மா போயிட்டாங்க மாஸ்டர். விடியக்காலம் மோர் கேட்டாங்க. கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார்.

என் தமையனார் மாதப்பனின் மனைவியும், எங்கள் குடும்பத்துக்கு நாற்பது ஆண்டுகள் தலைவியுமாக இருந்த அண்ணி வேடியம்மாள் மறைந்த செய்தி எனக்கு இவ்வாறு வந்தது. மீதியிருந்த இரண்டு பதிவேடுகளிலும் கையெழுத்திட்ட பிறகே நான் எழுந்தேன். விதி தவறாதவன் என்று என்னைப் பற்றி உறவினர்களாகிய நீங்கள் சொல்வது அந்த அளவுக்கு உண்மைதான். அதற்கு மேல் உண்மையன்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சுடுகாட்டில் சிதைக்குத் தீ வைத்துத் திரும்பும்போது உறவினர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "மாஸ்டர் மட்டும் அன்னிக்குச் சட்டம் பேசலைன்னா, இந்தம்மா பன்னெண்டு வருசம் முன்னாடியே போயிருக்கும். நாமும் போயிருப்போம்" என்றார். சுற்றியிருந்தோர் ஆமென்று தலையசைத்தனர். பதினாறாம் நாள் பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உறுதி செய்துகொண்டு போனேன். எழுந்தும் நின்றேன். ரசம் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

துக்கம் காரணமாக இவ்வாண்டு நம் வீட்டில் தீபாவளி இல்லை. அண்ணி இருந்தவரை, பண்டிகைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே நாம் அனைவரும் அங்கே கூடிவிடுவது வழக்கம். மொரப்பூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலிலும் வண்டியிலுமாக முப்பது பேர் வந்து சேர்வோம். ஒரு நாள் கூத்துக்கு ஏன் இத்தனை முன்னதாக வர வேண்டும் என்று ஒரு மருமகன் கேட்டதற்கு, "பண்டிகைன்னா ஒரு நாளு, ஒறவுன்னா பத்து நாளு. போயி மாவு சலிங்க" என்று சல்லடையை அவர் கையில் கொடுத்தவர் அண்ணி.

ஓராண்டு, முப்பது பேரும் குளிப்பதில் நேர்ந்த குழப்பத்தைத் தீர்க்க நான் ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆளுக்கு ஐந்து நிமிடம், மூத்தோர் முதலில். அண்ணிக்கு எழுத்துத் தெரியாது. படிக்கச் சொல்லி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாம் செரிங்க தம்பி. இதுல வெந்நி காயிற நேரம் எங்க?" என்றார். வீடே சிரித்தது. அட்டவணையை நானே கிழித்தேன். எழுதப்பட்டதை அவர் எப்படிக் கேட்பார் என்பதை நான் அன்றே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இனி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஆண்டு.

அவருடைய மகள் காவேரிக்கு அது தலைத் தீபாவளி. மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் மொரப்பூரிலிருந்து வந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. பின்கட்டில் அடுப்பு மூட்டி முறுக்குக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ராகி கொட்டிவைக்கும் மூங்கில் தொம்பை இருந்த உள்ளறைக்கு அண்ணி என்னை மட்டும் கூப்பிட்டார். தொம்பையின் அடியில் ஒரு பெரிய எலி செத்துக் கிடந்தது. காயமில்லை. வாயோரம் மட்டும் சிறிது இரத்தம்.

பிளேக் நோய் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. குளிர் தொடங்கும்போது எலிகள் விழும். எலிகளுக்குப் பின் மனிதர்கள் விழுவார்கள். எலி விழுந்த வீட்டை உடனே காலி செய்து வயலில் குடிசை போட்டுத் தங்க வேண்டும், எலியைக் கையால் தொடாமல் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும், கிராம முன்சீப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அரசாங்க நோட்டீசு வந்திருந்தது. ஆனால் எங்கள் ஊரில் எவரும் தம் வீட்டில் எலி செத்ததாகச் சொன்னதில்லை. அம்மன் குற்றம் இருக்கும் வீட்டில்தான் முதல் எலி விழும் என்றொரு பேச்சு இருந்தது. ஆகையால் விழுந்த எலியை முறத்தில் வாரி, ஊருக்கு வெளியே பாழடைந்து கிடந்த சுண்ணாம்புக் காளவாயில் போட்டுவிடுவார்கள். 'நம்ம ஊர்ல எலிங்க சாகறதுக்குன்னே காளவாய்க்கு நடந்து போவுதுங்க' என்று முன்சீப்பே சலித்துக்கொள்வார். இந்த வழக்கத்தைக் கண்டித்து, அந்த நோட்டீசை முந்தைய தை மாதம் ஊர் கூடும் மந்தையில் நின்று உரக்கப் படித்தவன் நான். பெண்கள் கூட்டத்தில் அண்ணியும் நின்றிருந்தார்.

அன்று அந்த அறையில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணி, சம்மந்தி வீட்டார் வந்திருக்காங்க. காவேரிக்குத் தலைத் தீவாளி. ஒரு எலிதானே? முறத்துல வாரிக் காளவாயில போட்டுடலாம். பண்டிகை முடியட்டும், பாத்துக்கலாம்."

அண்ணி என்னையே பார்த்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எலியைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"தையில நீங்க படிச்சது இன்னும் காதுல இருக்குதுங்க தம்பி. போயி பேப்பர் கொண்டாங்க."

அவரே மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து எலியின்மேல் ஊற்றினார். இடுக்கியால் பற்றித் தகரத்தில் வைத்துப் புழக்கடைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார். நான் தொம்பை மூடியின்மேல் தாளை வைத்து எழுதினேன். படிக்கச் சொன்னார். 'இக்கிராமத்தில் ஒரு வீட்டில் எலி ஒன்று இறந்து காணப்பட்டது' என்று படித்தேன்.

"எந்த வூடுன்னு போடலியே?"

"அதை முன்சீப் விசாரிச்சுக்குவார் அண்ணி."

"அவரு தெருத்தெருவா விசாரிக்கறதுக்குள்ள எத்தினி வூடு போவும்? நம்ம வூடுன்னு எழுதுங்க. அவரு பேரையும் போடுங்க."

என் தமையனாரின் பெயரை எழுதினேன். கையெழுத்து என்னுடையது. அந்தக் கையெழுத்தைக் கொண்டுதான் எல்லோரும் பின்னால் எல்லாம் என் செயல் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

செய்தி வீட்டில் பரவிய அரை மணி நேரத்தில் அடுப்பு அணைந்தது. பிசைந்த மாவு பிசைந்தபடி கிடந்தது. தமையனார் என் எதிரில் வந்து நின்று, "ஏன்டா வாத்தியாரே, ஊருல எவன் வூட்டுலயும் வுழாத எலி உன் சட்டத்துக்காவ என் வூட்டுல வுழுந்துதா? மாப்ள மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?" என்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணி பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

சம்பந்தியம்மாள் வாய்த் துடுக்குள்ளவர். "தலைத் தீவாளிக்குக் கூப்புட்டுட்டு வயக்காட்டுல குந்த வெக்கிற வூட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன். ஏன் சம்மந்தி, சீருக்குச் சோளத்தட்டுக் குடிசையா?" என்று கேட்டுவிட்டு, மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். அண்ணி வண்டியின் முன்னால் போய் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏசுங்க சம்மந்தி, வாங்கிக்கறேன். ஆனா போவாதீங்க. நம்ம மேல ஒட்டிக்கினு இருக்கறத உங்க ஊருக்கும் கூட்டிக்கினு போவ வாணாம். ஏழு நாளு. அதுக்கப்பறம் நானே ரயிலேத்தி வுடறேன்."

பொழுது சாய்வதற்குள் முப்பது பேரும் ராகி அறுத்த கொல்லைக்காட்டில் சோளத்தட்டுக் குடிசைகளில் இருந்தோம். மறுநாள் காலை, முன்சீப் ஆளனுப்பியதால் டாக்டர் வந்து தடுப்பூசி போட்டார். பெரியவர்களே பயந்து பின்வாங்கியபோது முதலில் கையை நீட்டியவர் அண்ணி. இரண்டாவதாக மகளின் கையைப் பிடித்து நீட்டவைத்தார். ஊசியால் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம், அஞ்ச வேண்டாம். அக்குளிலோ தொடையிடுக்கிலோ கட்டி கண்டால் மட்டும் உடனே ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஊருக்குப் போனார்.

அடுத்த நாள் காவேரிக்குக் காய்ச்சல் கண்டது. ஊசிக் காய்ச்சலா, மற்றதா என்று பிரித்துச் சொல்ல அந்தக் கொல்லையில் ஒருவரும் இல்லை. அண்ணி மகளைத் தனிக் குடிசைக்கு மாற்றித் தாமும் உள்ளே போனார். ஒரு நாழிகைக்கு ஒரு தரம் மகளின் அக்குளைத் தடவிப் பார்த்து, வெளியே கேட்கும்படி, "ஒண்ணுமில்ல!" என்று குரல் கொடுப்பார். நாங்கள் பேச்சை நிறுத்தி அந்தக் குரலுக்காகக் காத்திருப்போம். அது வந்த பிறகே அவரவர் வேலையைத் தொடர்வோம். மாப்பிள்ளை ஒரு வரப்பின்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

காய்ச்சலின் இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் அந்தக் குரல் வரவில்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஊருக்குள்ளிருந்து பறையொலி கேட்டது. எங்கள் தெருவின் கோடியிலிருந்த ஒருவர் காலையில் இறந்திருந்தார் என்று பின்னர் அறிந்தோம். அவர் வீட்டிலும் எலிகள் விழுந்திருந்தன; அவை காளவாய்க்குப் போயிருந்தன. நான் குடிசைக்குப் போனேன்.

அண்ணி மகளின் இடக்கையை உயர்த்திப் பிடித்திருந்தார். "கை மரத்துப் போச்சுங்க தம்பி. எனக்கு வெளங்கல. நீங்க பாருங்க" என்றார்.

பார்த்தேன். அக்குளில் நெல்லிக்காயளவு வீங்கியிருந்தது. காவேரி கண்ணைத் திறந்து, "கட்டியா சித்தப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்பதே சரியான விடை. "இல்லம்மா" என்றேன். வெளியே வந்து ஆள் அனுப்பினேன். டாக்டர் வந்து சேரும்வரை சென்ற நான்கு மணி நேரத்தில், அந்த எலி காளவாயில் கிடக்க, முப்பது பேரும் தொம்பை இருந்த அந்த வீட்டிலேயே படுத்து எழும் காட்சியை நான் மனக்கண்ணில் எத்தனை முறை கண்டேன் என்று சொல்ல இயலாது.

ஊசி போட்ட கைதான் அது. ஊசியால் நெறி கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார் டாக்டர். குடிசையிலிருந்து "ஒண்ணுமில்ல!" என்று அண்ணியின் குரல் வந்தது, வந்ததும் அவர் ஓவென்று அழுதார். அவர் அழுது நாங்கள் கேட்டது அந்த ஒரு முறைதான். சம்பந்தியம்மாள் எவரையும் கேட்காமல் குடிசைக்குள் போய், "எழுந்திரு சம்மந்தி, நான் குந்திக்கறேன். நீ போயி ஒரு வாயி களி தின்னு" என்று அவரை வெளியே தள்ளினார்.

தீபாவளியைக் கொல்லையிலேயே கொண்டாடினோம். குடிசைகள் தீப்பிடிக்கும் என்று அஞ்சி வெடி வெடிக்கவில்லை. சம்பந்தியம்மாளே அண்ணியின் தலையில் எண்ணெய் வைத்தார். சொன்னபடி அண்ணி வெளியூராரை ரயிலேற்றிவிட்டார். கார்த்திகை முடிந்து மற்றவர்கள் ஊருக்குள் திரும்பியபோது, எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் ஆட்கள் குறைந்திருந்தனர். எங்கள் முப்பது பேரும் உயிரோடு இருந்தோம். சில காலம் எங்கள் வீட்டை 'எலி வூடு' என்றார்கள். பின்பு, "மாஸ்டர் சட்டம் பேசுனதால பொழச்ச வூடு" என்றார்கள். என் தமையனார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் நான் பெற்றுக்கொண்டேன்.

சென்ற மாசியில் ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணி தனியாக அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கேட்காததைக் கேட்டேன்: "நீங்க ஏன் அண்ணி வாயத் தொறக்கவே இல்ல?"

"தொறந்து? நோட்டீசு படிச்சவரே எலியத் தூக்கிக் காளவாயில போடச் சொன்னாருன்னு ஊரு சிரிக்கும். அப்பறம் மந்தையில நின்னு நீங்க படிச்சா எவன் கேப்பான்? இன்னொரு தடவ எலி வுழாமயா போவும்?" என்றார். ஒரு கை காயை உரித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் பயந்தான் தம்பி. நான் எலிக்குப் பயந்தேன், நீங்க ஊருக்குப் பயந்தீங்க. அவ்வளவுதான்" என்று சொல்லி, உரித்த அவரைக்கொட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

அவர் காத்ததை நான் இப்போது கலைத்துவிட்டேன். உறவினர்களே, அந்த எலியை மறைக்கச் சொன்னவன் நான். மறைக்க விடாதவர் வேடியம்மாள். ஐப்பசி பிறந்து குளிர் இறங்குகிறது. தொப்பூர்ப் பக்கத்தில் ஓரிடத்தில் எலிகள் விழுவதாகப் பேச்சு வந்திருக்கிறது. நோட்டீசு வந்தால் மந்தையில் நின்று படிக்க வேண்டியவன் இன்னும் நான்தான். இதைப் படித்தவர்கள் சிரிக்கட்டும். அதற்கு நான் அஞ்சவில்லை. சிரித்துவிட்டுக் கேளாமல் வீட்டுக்குப் போய்விடுவார்களோ என்றுதான் அஞ்சுகிறேன். பிள்ளைகள் உறங்கும் வீடுகள் அவை.

இந்த அச்சம் எனக்கு முன்பு இருந்ததில்லை. இது அண்ணியுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்.