கண்ணில் விட்ட துளியும் என் நோன்பும்

கண்ணையும் அதில் ஒளியையும் படைத்தவனைப் புகழ்ந்து தொடங்குகிறேன். நானே கண்டதையும், மருத்துவர் எனக்கு நேரில் சொன்னதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இறைவனின் உதவியைச் சொல்லும்போது ஒரு சொல்லைக் கூட்டினாலும், அது அவன்மீது சொல்லும் பொய்யாகிவிடும் என அஞ்சுகிறேன்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் என் மனைவியை இழந்தேன். அதன்பின் ஒவ்வொரு ரமழானிலும் அவளுக்காகக் குர்ஆனை முழுமையாக ஓதி முடித்துவந்தேன். எனக்கு மனனம் இல்லை, பார்த்துத்தான் ஓதுவேன். இடக்கண் சிறுவயது முதலே மங்கல், எழுத்தைப் படிப்பது வலக்கண்ணால்தான். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டின் ரமழானில், ஓதிக்கொண்டிருந்த வரியின் நடுவே எழுத்துகள் மறைந்தன. கண்ணாடியைத் துடைத்தேன். மறைந்தவை மறைந்தே இருந்தன. நீரிழிவு எனக்கு நெடுநாளாக உண்டு. அவளுக்காக என்னிடம் எஞ்சியிருந்தது அந்த ஓதல் ஒன்றே. அதுவும் போய்விடுமோ எனக் கலங்கினேன். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து, சுஜூதில் அழுது கேட்டேன்: “இறைவா, எடுப்பது உன் உரிமை. அவளை நீ எடுத்தபோது நான் ஒன்றும் அறியவில்லை. கண்ணை எடுப்பதாயின், முன்னரே எனக்கு அறிவித்துவிடு.”

அந்த வாரமே கல்முனையில், பாடசாலை மண்டபமொன்றில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. விழித்திரையைப் படம் பிடித்து, நீரிழிவின் பாதிப்பு உண்டா என்பதைக் கணினியே ஆராய்ந்து சொல்லும் முறையை வெளியூர்க் குழுவொன்று பரீட்சித்துப் பார்த்தது. மனைவியின் தம்பி அன்சார் என்னை அழைத்துச் சென்றான். படம் எடுத்தவர் காரைதீவைச் சேர்ந்த ஒரு பெண். கண்ணின் பாவை விரிய மருந்துத் துளி விடவேண்டும் என்றார். நோன்பு முறிந்துவிடும் என்று மறுத்தேன்.

“ஏன் மச்சான், கண்ணுக்குள்ள நோன்புக் கஞ்சியா ஊத்தப்போறாங்க?” என்றான் அன்சார்.

“தொண்டைக்கு இறங்கினா நீயா பொறுப்பு?”

துளி விடாமலே படம் எடுத்தார்கள். இடக்கண்ணில் பாதிப்பு இல்லை என்றது கணினி. வலக்கண்ணைத் தீர்மானிக்க முடியவில்லை என்றது.

“மிஷினே ஒண்டும் சொல்லல்ல. வாங்க மச்சான், போவம்.”

நானும் எழுந்துவிட்டேன். அந்தப் பெண் விடவில்லை.

“இருங்க சேர். கண்ணில வருத்தம் இல்லை எண்டு அது சொல்லல்ல. தெரியாது எண்டுதான் சொல்லுது. தெரியாது எண்டா, டொக்டர் பாக்காம அனுப்ப ஏலாது. படம் இருட்டா இருக்கு. துளி விட்டாத்தான் சரிவரும்.”

அன்சார் எங்கள் பள்ளிவாசல் மௌலவியைத் தொலைபேசியில் அழைத்து, அதை என் காதில் வைத்தான்.

“கண்ணில விடுற மருந்தால நோன்பு முறியாது சேர். பயப்படாம விடுங்க” என்றார் மௌலவி.

“கேட்டாச்சா? இனியாவது கண்ணத் திறங்க” என்றான் அன்சார்.

துளி விட்டு எடுத்த படத்தில் பாதிப்பு உண்டு எனக் கணினி காட்டியது. முகாமில் இருந்த மருத்துவரும் நேரில் பார்த்தார். வலக்கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன என்றார். கசிவு பார்வையின் நடுவை நெருங்கிவிட்டது, இழந்ததை மீட்பது அரிது, இருப்பதைக் காக்கலாம் என்றார். அச்சொற்கள் என்னை அச்சுறுத்தவில்லை. அறிவிக்குமாறு கேட்டிருந்தேன், அறிவிக்கப்பட்டேன்.

நோன்புப் பெருநாளுக்கு முன்னரே லேசர் சிகிச்சை நடந்தது. மறைந்த எழுத்துகள் முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால், புதிதாக எதுவும் மறையவில்லை. பெரிய எழுத்துக் குர்ஆனை வாங்கி, இறுதி நோன்பின் மாலையில் அவளுக்கான ஓதலை முடித்தேன். அன்று தொட்டு மருந்தையும் உணவையும் பேணுவதை, இறைவன் என்னிடம் ஒப்படைத்த ஓர் அமானிதமாகக் கொண்டுள்ளேன்.

சகோதரர்களே, நீரிழிவு உள்ளவர்கள் கண் தெளிவாக இருக்கும்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். இறைவனிடம் துஆவும் கேளுங்கள். பதில் நீங்கள் எதிர்பாராத வாயிலிருந்தும் வரலாம்.

முதற்படத்தில் கணினியைத் தடுத்தது இருட்டா, கசிவா என்பது எனக்குத் தெரியாது. மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. எஞ்சியுள்ள பார்வை இன்னும் எத்தனை ரமழான்களுக்குப் போதும் என்பதும் தெரியாது.