அண்ணனிடம் இடது, தம்பியிடம் வலது

நான் எழுதிப் பழகியவள் அல்ல. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு சலவைக் கணக்கையும், உறவுக்காரர்களுக்கு வருஷத்தில் நாலு கடுதாசியையும் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் அச்சில் வருவதற்கென்று எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் நாத்தனாரைப் பற்றி யாராவது எழுதிவைக்கவேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். மீன் கூடை சுமந்துதான் தம்பியை ஆளாக்கினார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ராயபுரத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

அந்தக் காலத்தில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே, உப்புக் கிடங்குகளின் பின்பக்கம் ஒரு பொட்டல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பழைய சாமான் சந்தை கூடும். கப்பலில் கழித்துப் போட்டது, சீமைக்குத் திரும்புகிற துரைமார் வீட்டு ஏலத்தில் மிஞ்சினது, மாலுமிகள் கள்ளுக்காக விற்றது எல்லாம் கோணிமேல் பரப்பிக் கிடக்கும். சந்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘மணலுக்குப் போனேன்’ என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் நாங்கள் மணலுக்குப் போய்விடுவோம். அங்கே கிடக்கிறதைப் பார்ப்பதே பெரிய சந்தோஷம். கைப்பிடி போன பீங்கான் கோப்பைகள், பித்தளைக் குழாய்கள், விளக்குக் கண்ணாடிகள், படுதாத் துண்டுகள், ராஜா படம் போட்ட பிஸ்கோத்து டப்பாக்கள். ஒரு தடவை வெள்ளைத் தந்தப் பட்டைகள் ஒரு கூடை நிறைய இருந்தன. அவை பியானோப் பெட்டியிலிருந்து கழற்றினவை என்று கோயிலில் வாத்தியம் வாசிக்கிறவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி அதில் பத்து வாங்கிப்போய்த் தோசை திருப்பப் பார்த்து, நெருப்பில் காட்டி நாற்றம் அடிக்க வைத்துவிட்டாள்.

அக்கா மணலுக்குள் நுழைந்தால் முதலில் கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று வருவார். எதையும் தொடமாட்டார். யார் யாருக்கு இன்னும் போணி ஆகவில்லை என்பதை அந்த ஒரு சுற்றிலேயே பார்த்துவிடுவார். முதல் வியாபாரம் ஆகாத கடைக்காரன் வந்த விலைக்குக் கொடுப்பான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் போணி ஆகிவிட்டதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல அக்கா ஒருவரால்தான் முடியும். பிறகு அவர் பேரம் பேசுகிற அழகு இருக்கிறதே! விளக்குக் கண்ணாடி வேண்டுமானால், முதலில் ஒரு துருப்பிடித்த பூட்டைக் கையில் எடுத்து வெகு நேரம் மல்லுக்கட்டுவார். கடைசியில் பூட்டில் தோற்றுப்போனவர் மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். கடைக்காரன் ஜெயித்த மிதப்பில் இருக்கும்போது, அந்தக் கண்ணாடியை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பார். ஜெயித்தவன் தாராளமாகக் கொடுத்துவிடுவான். அவனுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. அக்காவிடம் ஏமாந்தோம் என்று மணலில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நீலக்கரை போட்ட கப்பல் தட்டில்தான் சோறு. நங்கூரம் பொறித்த பொத்தான்கள் ஒரு டப்பா இருந்தது. அதில் கடைசிப் பொத்தான் போன வருஷம்தான் தீர்ந்தது. வாங்கி வந்ததைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது உள்ளேயிருந்து வேறொரு நிறம் வெளியே வருமே, அந்தச் சந்தோஷத்தைப் புதுச் சாமான் எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை.

இப்போது பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஒரு மழைக்காலத்தில் பலகை வழுக்கி விழுந்து தோளெலும்பு முறிந்துவிட்டது. கட்டுப்போட்டு எலும்பு கூடிற்று. ஆனால் மூட்டை தூக்க முடியாமல் போயிற்று. மூன்று மாதம் அக்காவின் மீன் கூடையில்தான் எங்கள் எல்லாருக்கும் சாப்பாடு. அப்போது ஒரு தனியார் கிடங்கில் வாசல் காவலுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தது. மாதச் சம்பளம், சுமை கிடையாது. கோட்டும் தலைப்பாகையும் அவர்களே கொடுப்பார்கள், பூட்ஸ் மட்டும் சொந்தமாகப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலையில் வரவேண்டும், வெறுங்காலோடு வந்தால் சேர்க்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புதுப் பூட்ஸ் எங்கள் கைக்கு எட்டாதது. எங்கள் தெருவில் பூட்ஸ் வைத்திருந்தவர் கோயில் பேண்டில் கொம்பு ஊதுகிறவர் மட்டும்தான். அவர் கால் சின்னது. எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மணலில் பூட்ஸ் விற்றவர்கள் இரண்டே பேர். இருவரும் கூடப் பிறந்தவர்கள். தகப்பனார் செத்ததும் சரக்கைப் பாகம் பிரித்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாததால், ஜோடியாக இருந்த எதையும் ஒருவருக்கு முழுசாக விடவில்லை. மெழுகுவர்த்தித் தண்டு ஆளுக்கு ஒன்று. காதுக் கடுக்கன் ஆளுக்கு ஒன்று. பூட்ஸில் இடது எல்லாம் அண்ணனுக்கு, வலது எல்லாம் தம்பிக்கு. அண்ணன் கிடங்குச் சுவர் நிழலில் உட்கார்ந்தார். தம்பி எதிர்க்கோடியில் வெயிலில் கடை போட்டார். யார் முதலில் விற்கிறாரோ அவருக்குக் கிடைப்பது அற்ப விலை, இரண்டாவது விற்கிறவர் கேட்டதுதான் விலை என்று இருவருக்கும் தெரியும். ஆகவே இருவருமே விற்கவில்லை. வருஷக்கணக்கில் அந்தப் பூட்ஸெல்லாம் ஜோடி பிரிந்து அப்படியே கிடந்தன. மணலில் அது ஒரு வேடிக்கை.

சனிக்கிழமை இரவு அக்கா என் கணவரின் காலை விளக்குமாற்றுக் குச்சியால் அளந்து, குச்சியை ஒடித்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். மறுநாள் அண்ணன்காரரிடம் போய்க் கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீல் தைக்கத் தோல் வேண்டும் என்றார். இதுவா அதுவா என்று ஏழெட்டுப் பூட்ஸைப் புரட்டி, தலையைச் சொறிகிற சாக்கில் குச்சியை எடுத்து ஒன்றை அளந்துவிட்டார். அண்ணன்காரருக்குப் போணி ஆகவில்லை. கீலுக்குத் தோல் என்றதால் இரண்டாவது யோசனையும் வரவில்லை. நாலணாவுக்கு இடது பூட்ஸ் எங்கள் கூடைக்குள் வந்துவிட்டது.

வலதை நான் வாங்கவேண்டும் என்றார் அக்கா. எனக்கு உயிரே போயிற்று. தம்பிக்காரருக்கு அக்காவை நன்றாகத் தெரியும், அவர் போய் நின்றால் இடது போய்விட்டது என்று கண்டுகொண்டு ஒன்றரை ரூபாய் கேட்பார். எப்போதும் அக்காவின் பின்னால் முக்காடு போட்டு நிற்கிற என்னைத் தெரியாது. ஒற்றைப் பூட்ஸ் எதற்கு என்று கேட்டால்?

“எம் புருசனுக்கு ஒரு காலுதான்னு சொல்லு” என்றார் அக்கா. “அதுக்குமேல எவனும் கேக்கமாட்டான்.”

தம்பிக்காரரின் கோணிமேல் வலது பூட்ஸெல்லாம் வரிசையாக ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தன. எங்கள் ஜோடி எதுவென்று உடனே தெரிந்துவிட்டது. மூக்கில் அதே மூன்று வரிசைத் தையல். வெயிலில் கிடந்து நிறம் மட்டும் வெளுத்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே தோள் முறிந்து கிடந்த மனிதரை ஒரு காலும் போனதாக என் வாயால் எப்படிச் சொல்வது?

“இன்னா தங்கச்சி, ரொம்ப நேரமா நின்னுகினே கீற?” என்றார் அவர்.

நான் அந்தப் பூட்ஸைக் காட்டினேன். அது ஒற்றை, ஜோடி தன்னிடம் இல்லை என்றார். ஒற்றை போதும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கூச்சத்தில் என் கண் நிறைந்துவிட்டது.

“வூட்டுக்காரருக்கா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “ஹார்பர்ல வேலையா?” அதற்கும் தலையாட்டினேன். இரண்டும் உண்மைதான். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பூட்ஸை எடுத்துத் தன் மேல்துண்டாலேயே துடைத்தார். கயிறு இல்லாததைப் பார்த்து வேறொரு பூட்ஸிலிருந்து உருவிக் கோத்தார். நான் காசை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“துட்டு வாணாம் தங்கச்சி. காலு போனவன்கிட்ட வாங்கித் தின்னா எனக்கு ஒட்டாது. எத்தினி நாளா சும்மா கெடக்குது, அவராவது போட்டுக்கட்டும்.”

மணலில் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் அப்படி ஒரு பேரம் அமைந்திருக்காது. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தூரத்தில் விளக்குக் கண்ணாடிக் கடையில் குனிந்திருந்த அக்கா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்ததுகூட எனக்குத் தெரிந்தது. பத்தடி போயிருப்பேன். அதற்குமேல் கால் வரவில்லை. தம்பிக்காரர் துடைத்த துண்டின் ஈரம் தோலில் இன்னும் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவர் காலில் மாட்ட எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. திரும்பிப் போனேன்.

“அண்ணா, அவருக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் கீது” என்றேன்.

அவர் முகம் மாறிற்று. இடது எங்கே என்று கேட்டார். நான் அக்காவின் கூடையைக் கையால் காட்டினேன். எதற்காக வாங்கினோம், நாளைக்கு எங்கே போகவேண்டும் என்பதையும் சொன்னேன். அந்நியரிடம் என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. இனி ஒன்றரை ரூபாய் என்பார், வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ எதிர்க்கோடியில் இருந்த அண்ணனைப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நான் கண்டதில்லை.

“அவன் இன்னாத்துக்குக் குடுத்தான்?”

நாலணா என்றேன். கோழிக்கூட்டுக்குத் தோலாக என்றும் சொன்னேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சத்தம் வராமல், தோள் குலுங்க, இருமல் வரும்வரை சிரித்தார். “கோயிக்கூண்டுக்கா! மூணு வருசமா கட்டிப் புடிச்சிகினு இருந்துட்டு கோயிக்கூண்டுக்குக் குடுத்துட்டானா!” என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடந்தது எதையும் கேட்காமலே பேரத்தில் இறங்கினார். வலது வெளுத்துப்போனது, இதற்கு மூன்றணாதான் என்றார். தம்பிக்காரர் மசியவில்லை.

“நீ இன்னா வேணா சொல்லிக்க. அவன் வாங்கினதுக்குமேல ஒரு தம்பிடி குடு. ஒரு தம்பிடி போதும். அத வச்சிகினே நான் காலம் தள்ளுவேன்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேரத்தில் எதிராளியை மதித்தால் மட்டும் அவர் முகத்தில் வரும் ஒரு பார்வை அது. நாலணாவையும் ஒரு தம்பிடியையும் எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அந்தத் தம்பிடியை மட்டும் தனியாக எடுத்து, அண்ணன் இருந்த பக்கமாகத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் ரயில்வே கேட்டுக்கு வந்தோம். கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகிறவரை நின்றோம்.

“ஓசியா வந்தத திருப்பிக் குடுத்தவ இந்த மணல்ல நீ ஒருத்திதாம்மே” என்றார்.

நான் கூடையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

“எம்மேல தப்பு. வேற எவன் காலயாச்சும் சொல்லச் சொல்லியிருக்கணும்” என்றார் பிறகு. கேட்டு திறந்ததும் கூடையை என்னிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இரண்டையும் வாசலில் சேர்த்து வைத்தோம். ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அக்காவும் நானும் மாறி மாறித் தேய்த்தோம். இருட்டுவதற்குள் எது நிழலில் இருந்தது, எது வெயிலில் இருந்தது என்று சொல்லமுடியாமல் ஆகிவிட்டது. என் கணவர் அவற்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து பழகினார். அக்கா பார்த்துக்கொண்டே மீன் கூடையைக் கழுவினார்.

மறுநாள் திங்கட்கிழமை என் கணவர் ஆறு மணிக்குப் புறப்பட்டுப் போனார். கிடங்கு வாசலில் இருந்த துரை காலைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது இடது குதிகாலில் கொப்புளம் இருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன்.