இரண்டு கார்டும் ஒரு நோட்டும்

சங்கரா மீனைப் பலகையில் கிடத்தி, மூக்கிலிருந்து வால் நுனி வரை இரண்டு தடவை அளக்கிறார் நீரஜா. முதல் அளவை அவரே நம்புவதில்லை. பிறகு எண்ணைக் கையடக்கக் கணினியில் தட்டுகிறார்; நோட்டிலும் எழுதிக்கொள்கிறார்.

சென்னைக் கடலோரத்து ஊரூர் குப்பத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு நடப்பது இது. மீன் ஆய்வு நிலையமொன்றில் வேலை, வயது நாற்பத்தொன்று. கையில் கடிகாரம் இருந்தும் எதிரே வருபவரிடம் மணி கேட்டுச் சரிபார்ப்பார்.

“மீனை அளந்துக்கினு போய் யாராண்ட சொல்லப் போற? நாளைக்கு வலைக்கு வரி போடவா?” என்பார் மீன் விற்கும் பச்சையம்மா. சந்தேகத்தில் இருவரும் சமம்.

இந்த 1999-இல் நிலையம் இருபது கையடக்கக் கணினிகள் வாங்கியிருக்கிறது. அவற்றுக்கு எந்த மெமரி கார்டு என்று சொல்ல வேண்டியவர் நீரஜா. வந்தவை இரண்டு வகை; கணினியில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஒன்று வெற்றிலை போல மெல்லியது, மலிவு. அதன் தங்க நிற இணைப்புத் தகடு திறந்தே கிடக்கும். மற்றது பிஸ்கட் தடிமன். அதன் இணைப்புத் துளைகள் ஓரத்தில், விரல் படாத இடத்தில்.

தி.நகர் வியாபாரி அய்யாதுரை மெல்லியதை ஓயாமல் புகழ்ந்தார். நீரஜாவுக்குச் சந்தேகம் வர அதுவே போதும். படகுக்குப் படகு கார்டைக் கழற்றி மாற்றி, இரண்டிலும் பதிவு செய்தார்.

மூன்றாவது வாரம் மெல்லியது வெறுமையாகத் திறந்தது. ஐந்து நாள் அளவுகள் அதில் இல்லை. “மேடம் ஈரக் கையால தொட்டிருப்பாங்க” என்றார் அய்யாதுரை. நிலைய இயக்குநரும் தலையாட்டினார். பத்து வருஷத்தில் யாரும் நீரஜாவைக் கவனக்குறைவானவர் என்று சொன்னதில்லை. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மறுநாள் அய்யாதுரையையே குப்பத்துக்கு அழைத்துவந்தார். “அதே மெல்லிசு கார்டுல புதுசு போட்டு நீங்களே அளந்து பாருங்க சார்.”

பத்து மீனுக்குள் அவர் விரலெல்லாம் செதிலும் உப்புநீரும். கைக்குட்டையில் துடைத்துத் துடைத்துத்தான் கார்டை மாற்றினார். நான்காவது தடவை கணினிக்கு அந்தக் கார்டு இருப்பதே தெரியவில்லை.

“அய்ய, அவரு கைக்கும் அதே கதிதானா!” என்று பச்சையம்மா சிரித்தார். “இங்க காஞ்ச கை யாருக்கு கீது நைனா?”

“கடலோரத்துக்கு இது சரிவராது மேடம்” என்று அய்யாதுரை ஒப்புக்கொண்டார். இயக்குநரிடமும் அதையே சொன்னார்.

அடுத்த வாரம் தடித்த கார்டுகள் இருபதைப் பிரிக்காத உறைகளில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “எல்லாம் புது சரக்கு. என்னை நம்புங்க மேடம்.”

“நம்பறேன் சார். உட்காருங்க” என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, நீரஜா முதல் உறையின் ஒட்டுத்தாளை நகத்தால் கீறத் தொடங்கினார்.