ஆல்பத்தில் இல்லாத அம்மா

போன வருஷம் என் மகளின் கல்யாணத்துக்கு முந்தின மாதம், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நடந்தது இது.

நெசவு செய்யும் எங்கள் குடும்பத்தில், கல்யாணத்துக்கு முன்பு காலமானவர்களின் படத்துக்கு முன்னால் கூறைப்புடவையை வைத்துப் படைப்போம். அப்பாவுக்குப் படம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை. என் கல்யாணத்தின்போது அப்பா உயிரோடு இல்லை. அதனால் அம்மா மணமேடைப் பக்கமே வரவில்லை. என் ஆல்பத்திலும் அவள் இல்லை. பேத்தியின் புடவையை எதற்கு முன்னால் வைப்பது என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

பீரோவில் என் கல்யாண நெகட்டிவ்கள் கவரோடு இருந்தன. ஸ்டுடியோவில் காட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தறியில் இருந்த வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஆல்பத்துலயே இல்லாதவங்க பிலிம்ல எங்கேர்ந்து வருவாங்க? சரி வா, இல்லன்னா இதையே சொல்லிக்கினு இருப்ப."

ஸ்டுடியோக்காரர் பிலிம் துண்டை ஒரு மெஷினில் செருகினார். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் முகங்கள் கறுப்பாகவும், தலைமுடி வெளுப்பாகவும் தெரிந்தன. என் அரக்குக் கூறைப்புடவை ஏதோ பாசி நிறத்தில் இருந்தது. அவர் ஒரு பட்டனைத் தட்டினார். எல்லாம் ஒரே நொடியில் புரண்டு, அன்றைய அரக்கு அப்படியே வந்து நின்றது. தினமும் பட்டு நூலின் நிறத்தைப் பார்க்கிற நானே திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

தாலி கட்டும் படம் வந்தபோது அவர் கேட்டார்.

"இன்னாமா, ஓரத்துல தூணாண்ட ஒரு அம்மா நிக்கிறாங்களே, யாரு?"

அம்மா. தூணை ஒட்டி நின்று, அட்சதை போடக் கையைத் தூக்கியிருந்தாள். கண் என் மேல் இருந்தது. ஆல்பத்தில் இதே படம் தூணோடு முடிந்துவிடும்.

"ஆல்பம் சைஸுக்கு ஓரத்த வெட்டியிருப்பாங்கமா. பிலிம்ல முழுசா இருக்குது."

நான் தாலி கட்டிக்கொண்டதை அம்மா பார்க்கவே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரர் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார். பிறகு மெதுவாக, "எங்க அத்தைபா. பெருசா போட்டுக் குடு" என்றார்.

அந்தப் படத்துக்கு முன்னால்தான் மகளின் புடவையை வைத்துப் படைத்தோம். அவள் கல்யாணத்தில் எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை; வேண்டாததை அப்போதே அழித்தும்விட்டார்கள். யாரும் கவனிக்காமல் விட்ட ஒருத்தியை அந்தச் சின்னப் பிலிம் துண்டு விடாமல் வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. போனில் ஒரு படத்தை அழிக்கும் முன், ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.