ஓடும் சுவர்கள்

நெட்டுக்குப்பம். பஸ் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சல் தோண்டும் வேலை நின்றுபோன இந்த ஊருக்காக நான் வரைந்த கலைக்கூடத்தின் அட்டை மாதிரியை டீக்கடை பெஞ்சில் வைக்கிறேன். உள்சுவர்களைத் தள்ளினால் நாடக மேடை பாக்சிங் கூடமாகும், கல்யாணக் கூடமும் ஆகும். யாராவது நன்றாயிருக்கிறது என்று சொன்னால் தேவலை.

மாதா கோயில் திருநாள் நாடகத்தில் வேஷம் கட்டும் பிலோமினா குனிந்து பார்க்கிறாள். கடல்காற்றில் ஒரு சுவர் தானாகவே ஓடுகிறது.

"இன்னா சார், செவுரு நவுந்துகினு கீது?"

"அதுதாம்மா இதுல வசதி," என்கிறேன் எரிச்சலோடு.

"நாடகத்துல ஆடுனவங்க பேரெல்லாம் சுண்ணாம்புச் சூளை செவுத்துலதான் எழுதி வெப்போம். எங்கம்மா பேரும் இருந்துச்சி. சூளைய இடிச்சிட்டானுங்க. நவுர்ற செவுத்துல பேர எழுதி இன்னா சார் பண்றது?"

பஸ் ஹாரன் அடிக்கிறது. அவள் காலடியில் கிடக்கும் கிளிஞ்சல் ஒன்றைப் பொறுக்கி, அந்தச் சுவர் ஓடும் பள்ளத்தில் அழுத்திச் செருகுகிறாள்.

டோல்கேட் வரை பஸ் ஜன்னலில் காற்று. மடியிலிருக்கும் மாதிரியில் மற்ற சுவர்களெல்லாம் இங்குமங்கும் ஓடுகின்றன. அந்தச் சுவர் மட்டும் நிற்கிறது. கிளிஞ்சலைப் பிடுங்கிவிட என் கை போய்ப் போய்த் திரும்புகிறது.